மீத்தேனுக்குள் போய்விட்டு வந்தும் அது தட்டையாகவே இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் தங்கை மகள் படிக்கிற தனியார் பள்ளியில் வி.ஆர். (கண்ணாடியை மாட்டினால் கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டும் மெய்நிகர் தொழில்நுட்பம்) அறை ஒன்றைத் திறந்தார்கள். ரிப்பன், குத்துவிளக்கு, வந்த பெற்றோருக்கு டீ, சமோசா எல்லாம் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும் அவள், வேதிப்பிணைப்புப் பாடத்துக்காகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம், ஒரு கார்பனும் அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜனும் உள்ள மீத்தேன் மூலக்கூறுக்குள் உலவிவிட்டு முகமெல்லாம் பூரிப்போடு வெளியே வந்தாள். "செமையா இருந்துச்சு மாமா, கார்பன் என் தலைக்கு மேல பூசணிக்காய் சைஸ்ல தொங்குச்சு" என்றாள். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "சரி, அந்த மீத்தேன்ல ரெண்டு ஹைட்ரஜனை எடுத்துட்டு ரெண்டு குளோரின் வெச்சா, எத்தனை விதமா வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்தாள், காற்றில் விரலால் ஒரு கூட்டல் குறி போட்டுப் பார்த்தாள், அப்புறம் "ரெண்டு விதம் மாமா. பக்கத்துல பக்கத்துல ஒண்ணு, எதிரெதிரா ஒண்ணு" என்றாள்.

அந்தக் கூட்டல் குறிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. இருபத்தாறு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கூட்டல் குறியோடு மல்லுக்கட்டியே பாதி சர்வீஸ் போனது.

சரியான விடை ஒன்றுதான். டைகுளோரோமீத்தேன் என்று ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது, இரண்டாவதை எந்த ஆய்வகத்திலும் யாரும் பிரித்தெடுத்ததில்லை. நோட்டில் வரைகிற மாதிரி நான்கு பிணைப்புகளும் 90 டிகிரியில் தட்டையாகக் கிடந்தால் அவள் சொன்ன இரண்டும் இருந்தாக வேண்டும். ஆனால் அவை 109.5 டிகிரியில் நான்கு மூலைக்கும் விரிந்து நிற்கின்றன. நெருஞ்சி முள்ளை எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி. அதில் எந்த இரண்டு மூலையில் குளோரினை வைத்தாலும், மூலக்கூறைக் கொஞ்சம் திருப்பினால் அதே பொருள்தான். எதிரெதிர் என்கிற இடமே இந்த நான்முகி (நான்கு முக்கோண முகம் கொண்ட) வடிவத்தில் கிடையாது. பரீட்சையிலும் இது காலை வாரும். தட்டையாக வரைந்து குளோரின்களை எதிரெதிரே போடுகிற பிள்ளை, இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் மின்னூட்டம் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்கிற அளவு) பூஜ்யம் என்று எழுதிவிடும். நான்கும் குளோரினாக இருக்கிற கார்பன் டெட்ராகுளோரைடுக்கு அதே கூட்டல் குறி சரியான விடையைக் கொடுத்துவிடுவதுதான் கொடுமை, அதனால் தப்பு நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

1874-ல், 22 வயதில், நெதர்லாந்து வேதியியலாளர் வான்ட் ஹாஃப் இதே மாதிரி மாற்றியங்களை (அதே அணுக்கள் வேறு வேறு அமைப்பில் சேர்ந்த பொருள்களை) எண்ணிப் பார்த்துத்தான் கார்பன் நான்முகி என்று வாதாடினார் (அதே வருஷம் பிரான்சில் லெ பெல் தனியாக இதே முடிவுக்கு வந்தார்). அட்டையில் நான்முகி வெட்டி ஒட்டி மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பியும் வைத்தார். மூன்று வருஷம் கழித்து ஜெர்மன் வேதியியலின் பெரிய தலை கோல்பே, கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கிற இந்த ஆள் அங்கிருந்தே ஒரு இறக்கைக் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு பறக்கிறார் என்கிற தோரணையில் அவரைக் கிண்டலடித்து எழுதினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் அந்தக் கால்நடைப் பள்ளிக்காரருக்குத்தான் போனது, அது வேறு ஆய்வுக்காக என்றாலும். இதற்கெல்லாம் முன்னால், 1865-ல், லண்டனில் ஹாஃப்மன் என்கிற வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் குச்சி செருகி மூலக்கூறு காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், குளோரினுக்குப் பச்சை. அவருடைய மீத்தேன் தட்டை! ஆக, ஹாஃப்மன் பூசிய வண்ணம் என் தங்கை மகளிடம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, வான்ட் ஹாஃப் கொடுத்த வடிவம் இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளி காட்டிய மீத்தேன் தப்பா என்றால், இல்லை. நானும் மாட்டிப் பார்த்தேன், அச்சு அசல் நான்முகிதான். அவள் அதை வேடிக்கை மட்டும் பார்த்தாள், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கொடைக்கானல் போய் வந்த மாதிரி. அந்தக் கருவி செல்போனைப் பெட்டிக்குள் செருகிப் பார்க்கிற வகை. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும், அத்தோடு சரி. ஒரு அடி எடுத்து வைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது, மூலக்கூறைக் கையில் பிடித்துத் திருப்ப முடியாது. பின்னணியில் ஆங்கிலத்தில் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. வடிவம் என்பது சுற்றி வந்து, திருப்பிப் பார்த்துத்தான் புரியும், அதற்குத்தான் அங்கே வழியில்லை. பள்ளிகள் வாங்குகிறபோது இந்த வித்தியாசத்தை யாராவது கேட்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

வி.ஆரே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், மென்பொருள் துறையில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் தன் கருவியை இரண்டு நாள் இரவல் கொடுத்தான். தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று அறிகிற வகை. மூலக்கூறைப் பிடித்து இழுக்கலாம், அணுக்களுக்கு இடையிலான விசையைக் கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கருவி. ரெட்டை ஜடைக்கு மேல் பட்டை நிற்காது, தேங்காய் எண்ணெய் வழிந்து பஞ்சு ஊறிவிடும், மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளைக்கு உள்ளே இடமே இருக்காது, ஒவ்வொருத்தருக்கும் துடைத்துத் துடைத்து மாட்ட வேண்டும். இரண்டு பேருக்குத் தலை சுற்றி வெளியே போய் உட்கார வேண்டியதாயிற்று. விளம்பரப் படத்தில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள்.

ஆனால் அந்த இரண்டு நாளில் நடந்த சிலவற்றை நான் கரும்பலகையில் செய்திருக்கவே முடியாது. அம்மோனியாவை முக்காலி மாதிரி என்று சொல்லித்தான் நடத்துவேன், மூன்று கால் மூன்று ஹைட்ரஜன், மேலே பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை, கோணம் 107 டிகிரி. ஒரு பையன் அந்த முக்காலியின் கால்களைப் பிடித்து மேல் நோக்கித் தள்ளிக்கொண்டே போனான். தட்டையானது, அதையும் தாண்டித் தள்ளினான், சட்டென்று மூன்றும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டன. "சார், உடைச்சிட்டேன் சார், காத்துல குடை திரும்பிக்கிற மாதிரி ஆயிருச்சு!" என்று பயந்துபோனான். அவன் உடைக்கவில்லை. அம்மோனியா நிஜமாகவே அப்படித்தான் செய்கிறது, நொடிக்குச் சுமார் 2,400 கோடி தடவை. அந்த அதிர்வை வைத்துத்தான் 1954-ல் அமெரிக்காவில் டவுன்ஸ் குழு முதல் மேசரை (லேசர் மாதிரி, ஆனால் நுண்ணலையில் வேலை செய்கிற கருவி) இயக்கியது. பாடத்தில் இல்லாததுதான், ஆனாலும் அன்றைக்கு அரை மணி நேரம் அதிலேயே போனது, நான் வருத்தப்படவில்லை.

அடுத்தது பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, ஒரு பாஸ்பரஸைச் சுற்றி ஐந்து குளோரின். முக்கோண இருபிரமிடு என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஈ ஆடாது. வகுப்பில் மேலே ஓடுகிற மின்விசிறியைக் காட்டுவேன்: 120 டிகிரியில் மூன்று இறக்கை, மேலே ஒரு கம்பி, கீழேயும் ஒரு கம்பி இருப்பதாக நினைத்துக்கொள். இதுவரை புரியும். மேலும் கீழும் உள்ள பிணைப்புகள் ஏன் கொஞ்சம் நீளமாக இருக்கின்றன என்ற கேள்வியில்தான் சிக்கிக்கொள்வார்கள். கருவிக்குள் மேல் குளோரின் இருக்கிற இடத்தில் தலையை வைத்துக் கீழே பார்க்கச் சொன்னேன். மூன்று இறக்கைப் பிணைப்புகளும் தன்னிலிருந்து 90 டிகிரியில் நெருக்குவதைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரு இறக்கையின் இடத்துக்கு நகர்ந்தால், அப்படி நெருக்குவது இரண்டே பேர், மற்ற இரண்டு பேர் 120 டிகிரியில் தள்ளி நிற்கிறார்கள். "மேல இருக்கிறவனுக்குத்தான் சார் நெருக்கடி ஜாஸ்தி" என்று ஒரு பிள்ளை சொன்னது. இதற்கு மேல் நான் என்ன விளக்க?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2018-ல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கம்தான் காட்டுகிறது. மூலக்கூறுகளைக் கையாளும் சில வேலைகளை மவுஸ், தொடுதிரை, வி.ஆர். மூன்றிலும் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். புரதச் சங்கிலியில் முடிச்சுப் போடுவது மாதிரி முழுக்க முப்பரிமாணமான வேலை வந்தபோதுதான் வி.ஆர். பெரிதாக முந்தியது. அதுவும் வேலையை முடிக்கிற வேகம்தான், மார்க் அல்ல. ஆகவே எல்லாப் பாடத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மோல் கணக்குக்கு வி.ஆர். எதற்கு?

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "சார், அந்தக் குச்சி உண்மையாவே அங்க இருக்குமா?" அவள் கேட்டுவிட்டாள், மற்ற முப்பத்தேழு பேர் கேட்காமலே நம்பிவிட்டார்கள். நோட்டில் போட்ட கோடு வெறும் கோடு என்று எல்லாருக்கும் தெரியும். கருவிக்குள் அந்தக் குச்சிக்குப் பளபளப்பு இருக்கிறது, நிழல் விழுகிறது, கையில் பிடிக்க வருகிறது, எப்படி நம்பாமல் இருப்பது? இரண்டு அணுக்கருக்களும் நடுவில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுப்பதால் வருகிற பிடிப்புதான் சகப்பிணைப்பு, அங்கே குச்சி எதுவும் இல்லை என்று அன்றைக்கு ஒரு பீரியடு முழுக்கப் பேச வேண்டியிருந்தது. சோடியம் குளோரைடுக்கும் இதே குச்சியைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, அதில் எது அதன் ஜோடி என்று கேட்பதே தப்பு. குச்சியைப் பார்த்த பிள்ளைக்கு உப்பும் சின்னச் சின்ன மூலக்கூறாகத்தான் தெரியும். கண்ணாடி எவ்வளவு தத்ரூபமோ அவ்வளவுக்குப் பொய்யும் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் ஆசிரியர் இருந்தாக வேண்டும், அவருக்குப் பேச நேரமும் இருக்க வேண்டும்.

வாங்குகிற இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல கருவி ஒன்றுக்கு ஒரு மடிக்கணினி வாங்குகிற காசு ஆகும். ஒரே பள்ளியில் நாற்பது மலிவுப் பெட்டிகளை அடுக்கி ரிப்பன் வெட்டுவதைவிட, கையால் பிடிக்க முடிகிற கருவி மூன்றோ நான்கோ வாங்கி, சுற்றுவட்டாரத்து ஐந்தாறு பள்ளிகள், வேதிப்பிணைப்புப் பாடம் நடக்கிற வாரத்தில் முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒருவர் மாட்டியிருக்கும்போது அவர் பார்ப்பது திரையில் ஓடட்டும், மற்றவர்கள் சத்தம் போட்டு வழி சொல்லட்டும், எங்கள் வகுப்பில் பாதிப் படிப்பு அந்தச் சத்தத்தில்தான் நடந்தது. மாட்டுவதற்கு முன்னால் வடிவம் என்ன, கோணம் என்ன, எத்தனை மாற்றியம் என்று ஒவ்வொருத்தரும் நோட்டில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதைத் தப்பாக நினைத்தோம் என்றே தெரியாமல் "செமையா இருந்துச்சு" என்று வெளியே வருவார்கள். குரலும் எழுத்தும் தமிழில் வேண்டும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும், நிறுவனம் கடையை மூடினாலும் ஓட வேண்டும். பள்ளிகளுக்கென்றே வந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்கிற வி.ஆர். செயலி 2021-ல் நிறுத்தப்பட்டதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை களிமண், ஈர்க்குச்சி, பலூன் போதும். பந்தையும் குச்சியையும் வைத்து விளையாடுவது சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்கிற தலைமையாசிரியர்களிடம் நான் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனைத்தான் சொல்வேன். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் புரதம் மூன்று இழைச் சுருள் என்று அவர் சொன்னபோது பந்தும் குச்சியும் அந்த ஆய்வில் நிஜமான கருவிகளாக இருந்தன.

தங்கை மகள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலமே நான்கு பலூனை ஊதி முடிச்சுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டச் சொன்னேன். கட்டியதும் அவை தாமாகவே முட்டித் தள்ளிக்கொண்டு நான்கு பக்கமும் விரிந்து நின்றன, அவள் இரண்டு பலூனில் ஸ்கெட்ச் பேனாவால் பச்சைப் புள்ளி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் பேச்சே இல்லை. "ஒண்ணுதான் மாமா" என்றாள். உடனே, "அப்ப நாலும் வேற வேறயா இருந்தா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வரும். அதைப் பாக்கக் கண்ணாடி வேணும்" என்றேன்.

"எந்தக் கண்ணாடி? ஸ்கூல்ல இருக்கிறதா, முகம் பாக்குறதா?"

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், எட்டு பலூனோடு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்