பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு

மண்டபம்
21.9.2025

அன்புள்ள நெட்டச்சிக்கு,

எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. நீ மூணு தடவை வாய்ஸ் மெசேஜ் போட்ட. மூணையும் கேட்டேன். ராத்திரி உக்காந்து நிதானமா எழுதுவோம்னு நினைச்சு நினைச்சே நாள் ஓடிருச்சு. திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டு.

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டுப் பிரிச்ச மறுநாளே என் தையலை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுக் குறை சொன்னாங்க, அப்பதான் எனக்கு நிம்மதி. நம்ம கணக்கு டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க, அவங்க குடை இன்னும் இருக்கு. புதுப் பாலம் ஏப்ரல்ல திறந்ததுலேர்ந்து ராமேஸ்வரத்துக்குத் திரும்ப ரயில் போகுது. கப்பல் வந்தா நடுப்பகுதி அப்படியே நேரா மேல ஏறுதுடி. நம்ம 1914 பாலம் ரெண்டு கையையும் தூக்குமே, அந்த அழகு எனக்கு இதுல இல்ல. நீ வந்து பார்த்துட்டுச் சொல்லு. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாச் சொல்லு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆகஸ்ட்ல எனக்கு ஒரு பெரிய அடி. பாண்டிச்சேரியில ஒரு கடைக்குப் பதினாலு போர்வை அனுப்பியிருந்தேன். எல்லாம் எமனேஸ்வரத்துத் தறிச் சேலைங்க வெட்டுத் துணியில ஒட்டுப் போட்டது. அதுல ஒன்பது திரும்பி வந்துருச்சு. மேல பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். புரட்டிப் பார்த்தாத்தான் தெரியுது: வளைவு வர்ற இடத்துல எல்லாம் மேல் நூல் கீழ இழுபட்டு, இமைமுடி மாதிரி சின்னச் சின்னதா நின்னுக்கிட்டு இருக்கு. விரலை வச்சுத் தடவினா மாட்டுது. கடைக்கார அம்மா மேல தப்பே இல்ல. காசு குடுத்து வாங்குறவங்க புரட்டிப் பார்க்கத்தான் செய்வாங்க. நான் புரட்டிப் பார்க்காம பார்சல் கட்டினேனே, அதுதான் இன்னும் உறுத்துது.

காரணம் என்னன்னா, பவர் மெஷின்ல துணியை நகர்த்துற பல்லை இறக்கிட்டு, ரெண்டு கையாலயும் துணியைத் தள்ளித் தள்ளித்தான் டிசைன் போடுறோம். மெஷின் ஒரே வேகத்துல குத்துது. கை நேர்கோட்டுல ஒரு வேகம், வளைவுல ஒரு வேகம். அதோட ஏழரை அடிக்கு எட்டடிப் போர்வையைப் பாய் மாதிரி சுருட்டி, ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன இடத்துக்குள்ள திணிக்கணும். போர்வையோட கனம் ஒரு பக்கம் இழுக்குது, தோள் ஒரு பக்கம் இழுக்குது. நாலாவது மணி நேரத்துல கை சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த நேரத்துத் தையல்தான் திரும்பி வந்த ஒன்பதும்.

அதனாலதான் உன் வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஹூஸ்டன்ல உங்க தெருவுல அந்த வயசான அம்மா தன்னோட லாங்ஆர்ம் மெஷினை, அதான் போர்வை தைக்கிற பெரிய மெஷினை விக்கிறாங்க, துணி மாட்டுற 12 அடி ஃபிரேம், ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவுல 26 அங்குல வாய், தானா டிசைன் போடுற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து, நீயே வாங்கிக் கன்டெய்னர்ல போட்டு அனுப்புறேன்னு சொன்னியே. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நீ சொல்லிட்டா செஞ்சிருவ, எனக்குத் தெரியும். ஆனா அது வேணாம்டி. கோவிச்சுக்காத. ஏன்னு சொல்றேன்.

போன மாசம் கோயம்புத்தூர் போயிட்டு வந்தேன். அமெரிக்காவுல ரொம்ப வருஷம் இருந்துட்டுத் திரும்பின ஒரு அம்மா, ஹேண்டி குவில்டர் கம்பெனியோட 18 அங்குல லாங்ஆர்ம் ஒண்ணை மாடியில போட்டு வச்சிருக்காங்க. யாரோ சொல்லித் தொடர்பு கிடைச்சுது. போனதும் காபி குடுத்தாங்க, அடுத்த நிமிஷம் மெஷின்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீ போட்டோவுல காட்டினது வேற, கிட்ட நின்னு பார்க்கிறது வேற. மேல் துணி ஒரு உருளையில, அடித் துணி ஒரு உருளையில, நடுவுல பஞ்சு ஷீட்டு. தைச்சு முடிச்ச பகுதி எதிர்ப்பக்கம் இன்னொரு உருளையில சுத்திக்கிட்டே போகுது. துணி அசையாம விறைப்பா நிக்குது, மெஷின்தான் தண்டவாளத்து மேல நாலாப் பக்கமும் ஓடுது. சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி ரெண்டு பிடி. லேசாத் தள்ளினேன். கரையிலேர்ந்து வள்ளத்தைத் தண்ணியில இறக்கினதும் ஒரு நொடி கனமில்லாமப் போகுமே, அதே மாதிரி.

"எதாவது வரைஞ்சு பாரும்மா"ன்னாங்க. நான் யோசிக்கல, கை தானா சிக்குக் கோலம் போட ஆரம்பிச்சிருச்சு. கையை எடுக்காம, நூலை அறுக்காம, ஒரே இழையில சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலேயே முடிஞ்சுது. அந்த அம்மா பார்த்துட்டுச் சொன்னாங்க, அமெரிக்காவுல இப்படி நூல் அறாம ஓடுற டிசைனை நீளத் தாள்ல அச்சடிச்சு விக்கிறாங்களாம். பேன்டோகிராஃப்னு பேரு. மெஷினோட பின்பக்கம் நின்னு, லேசர் புள்ளியைக் கோட்டு மேல ஓட்டிக்கிட்டே போகணுமாம். நம்ம பொம்பளைங்க கையில அது பத்து வயசுலேயே ஏறிருச்சேடி! அப்புறம் எனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? கார் விலை குடுத்து அதை வாங்கி, அது போடுற கோலத்தை நாங்க நின்னு வேடிக்கை பார்க்கணுமா?

எனக்கு வேண்டியது ஸ்டிச் ரெகுலேட்டர் மட்டும்தான். மெஷின் எவ்வளவு தூரம் நகருதுன்னு சக்கரத்துல ஒட்டியிருக்கிற சென்சார் அளந்துக்கிட்டே இருக்கும். வேகமாத் தள்ளினா ஊசி வேகமாக் குத்தும், மெதுவாத் தள்ளினா மெதுவாக் குத்தும், நின்னா நிக்கும். அங்குலத்துக்குப் பத்துத் தையல்னு வச்சா, பத்துதான். ஆனா ஒண்ணு, அந்த அம்மா அழுத்திச் சொன்னாங்க. ரெகுலேட்டர் தையல் நீளத்தைத்தான் பார்க்கும், நூலோட இறுக்கத்தை, அதான் டென்ஷனை, நாமதான் பார்க்கணும். டென்ஷன் சரியில்லேன்னா எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் பின்பக்கம் அதே இமைமுடிதான். நாம அந்தக் காலத்துல தையல் கிளாஸ்ல செஞ்ச மாதிரியே அடிநூல் இருக்கிற பாபின் கேஸை நூலைப் பிடிச்சுத் தொங்க விட்டுக் காட்டினாங்க. சும்மா இருந்தா இறங்கக்கூடாது. லேசா ஒரு உதறு உதறினா ஒரு அங்குலம் இறங்கி நிக்கணும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி படிச்ச பாடம் அங்க மாடியில வந்து நின்னுச்சு.

இப்ப உன் மெஷினுக்கு வரேன். 26 அங்குல வாய்னா, ஊசியை அந்தக் கடைசி வரைக்கும் கொண்டு போகக் கை எட்டணும். உனக்கு எட்டும், உன்னை நெட்டச்சின்னு சும்மாவா கூப்பிட்டோம். இங்க தைக்கிற எங்க நாலு பேருல யாருக்கும் எட்டாது. எக்கி எக்கி நின்னு தைச்சா தோள் வலி போய் இடுப்பு வலி வரும். மெஷின் தலை பெருசாக ஆகத் தள்ளுற கனமும் கூடும். 12 அடி ஃபிரேம் எங்க ஹால்ல போட்டா கதவு திறக்காது. அங்க 120 வோல்ட், இங்க 230. சில மெஷின் ரெண்டையும் தாங்கும், சிலது தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டலாம்னு வை. கரண்டு ஏறி இறங்கி போர்டு போச்சுன்னா யாரு பார்ப்பா? நம்ம மெக்கானிக் மாமாவுக்குப் போட்டோ காட்டினேன். "இது ரோட்டரி ஹூக்குதானே, ஊசி மேல ஏறும்போது ஹூக்கு முனை வந்து நூலைக் கவ்வணும், அந்த டைமிங் நான் வச்சுத் தரேன். எலக்ட்ரானிக் மட்டும் என்கிட்டக் கேட்காதே"ன்னாரு. அவரு கை வைக்கக்கூடிய மெஷின்தான் எனக்கு வேணும்.

அப்புறம் மணல். நீ கடலை மறந்திருக்க மாட்ட, கச்சான் காத்தை மறந்திருப்ப. ஜன்னலைச் சாத்தி வச்சாலும் மேசை மேல விரலால பேரு எழுதலாம். தண்டவாளத்துல ஒரு மணல் கிடந்தாப் போதும், சக்கரம் துள்ளும், கோலத்துல ஒரு பல்லு விழும். உப்புக் காத்துல ஹூக்கு துருப் பிடிக்கும். தினமும் காலையில துடைச்சு எண்ணெய் விட்டுட்டுத்தான் சுவிட்சைப் போடணும், ராத்திரி மூடி வைக்கணும். மூடுறதுக்கு உறை ஒண்ணு இப்பவே வெட்டி வச்சுட்டேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை ரெண்டு மாசமா அரிச்சது வேற.

உக்காந்து ஓட்டுற மாடலும் உண்டு. ஜூக்கி கம்பெனியில 18 அங்குல வாயோட இருக்கு. ஒரு மேசை இடம் போதும், விலையும் கம்மி. முதல்ல அதைத்தான் வாங்குறதா இருந்தேன். ஆனா அதுல துணியை நாமதான் நகர்த்தணும், அதனால மூணு அடுக்கையும் முன்னாடியே பின் குத்திச் சேர்க்கணும். எங்ககிட்ட அந்த வேலையைப் பாசிக்காரக்காவும் இன்னும் ரெண்டு பேரும்தான் பார்க்குறாங்க. சிமெண்டுத் தரையில போர்வையை விரிச்சு, மண்டி போட்டுத் தவழ்ந்துக்கிட்டே, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஒரு பின். ஒரு போர்வைக்கு முந்நூறு பின்னுக்கு மேல ஆகும். அதுக்குத் தனிக் கூலி. ஃபிரேம் மெஷின்ல அந்த வேலையே கிடையாது, உருளையே மூணையும் இழுத்துப் பிடிச்சுக்கும். அப்ப நான் ஃபிரேம் வாங்கினா அவங்க மூணு பேரு கூலி? மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாளும் அந்த வீடுகள்ல அடுப்பு எரிஞ்சது இந்தப் பின் குத்துற கூலியாலதான்.

ஒரு நாள் மனசு கேட்காம அக்காகிட்டயே கேட்டுட்டேன். அவங்க முப்பது வருஷம் கடல்ல பாசி எடுத்தவங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பாறைக்கு நடுவுல முங்கி முங்கி எடுத்த ஆளு. இப்பவும் ஊசி பிடிக்கும்போது ஆள்காட்டி விரல்ல ஒரு கிழிசலைச் சுத்திக்குவாங்க. நான் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். பேசாம சேலையை முட்டிக்கு மேல தூக்கிக் காட்டினாங்க. ரெண்டு முட்டியும் வீங்கிக் கறுத்திருந்துச்சு, பாறை அடிச்ச பழைய தழும்பு மேல தரையில உரசின புதுக் காய்ப்பு. "தாயி, கூலி வேற வேலையில குடு. மண்டி போடாம பார்த்துக்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். ஒட்டுத் துணி சேர்க்கிறதுக்கும் ஓரம் மடிச்சுக் கட்டுறதுக்கும் இப்பவே ஆள் போதல. தையல்ல தேங்கி நிக்கிறதாலதான் அது வெளிய தெரியல. தையல் வேகம் பிடிச்சா மூணு பேருக்கும் உக்காந்து பார்க்கிற வேலை வருஷம் முழுக்க இருக்கும். அக்காவுக்கு ஓரம் கட்டுற வேலை. நாற்காலியில உக்காந்து, கையால. அந்த விரலுக்கு அது நல்லா வரும்.

ஆக, முடிவு பண்ணிட்டேன். பத்தடி ஃபிரேம், 18 இல்ல 20 அங்குலம், ரெகுலேட்டர் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. பத்தடியில பத்தடிப் போர்வை போட முடியாது, ரெண்டு ஓரமும் மெஷின் திரும்ப இடம் விடணும். ஆனா எங்க ஏழரை அடி தாராளமா ஏறும். பேன்டோகிராஃப் வேண்டாம்கிறதால பின்பக்கம் நின்னு ஓட்ட வேண்டியதில்ல, சுவரை ஒட்டிப் போட்டு எண்ணெய் விட மட்டும் சந்து விட்டாப் போதும். அம்மா கட்டில் திண்ணைக்குப் போகுது. அவங்களே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் இந்த ஊரு வெக்கைக்கு யாரு போர்வை போர்த்தப் போறான்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு. மார்கழியில மொட்டை மாடியில அம்மாவோட பழஞ்சேலைப் போர்வைக்கு நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்ட சண்டையை அவருக்கு நீயே சொல்லு.

சண்டைன்னதும் ஞாபகம் வருது. அந்தப் போர்வையில நீ உன் பக்கம் இழுத்துக் கிழிச்ச இடத்துல நான் இன்னும் ஒட்டுப் போடல. கிழிஞ்சபடியே மடிச்சு வச்சிருக்கேன்.

உன்னால ஒரு உதவி ஆகணும். அடுத்த மாசம் உங்க ஹூஸ்டன்ல குவில்ட் திருவிழா வருதே, போ. எல்லாக் கம்பெனி மெஷினும் அங்க வரும், ஓட்டிப் பார்க்க விடுவாங்க. ஹேண்டி குவில்டர், பெர்னினா, ஜூக்கி மூணையும் பாரு. பெர்னினாவுல 20 அங்குலத்தை மேசையிலயும் வச்சுக்கலாம், ஃபிரேம்லயும் ஏத்தலாம்னு கேள்விப்பட்டேன், அதையும் கேளு. விக்கிறவங்க பேச்சைக் கேட்டுத் தலையாட்டிட்டு வராத. மேல வெள்ளை நூல், பாபின்ல கறுப்பு நூல் போடச் சொல்லு. முதல்ல ஒரு நேர்கோடு. அப்புறம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம், மெதுவா ஒண்ணு, வேகமா ஒண்ணு. உன்னை நோக்கி இழுத்து ஒண்ணு, தள்ளி ஒண்ணு. அப்புறம் தமிழ்ல என் பேரை எழுது, வளைவு நிறைய இருக்கு. 230 வோல்ட்டுக்கு வருமான்னும், போர்டு போனா இந்தியாவுல யாரு மாத்துவாங்கன்னும் எழுதி வாங்கு.

எல்லாம் முடிஞ்சதும் துணியைக் கழட்டிப் புரட்டு. வெளிச்சத்துல பிடிச்சு, கிட்டப் போய்ப் பின்பக்கத்தைப் போட்டோ எடு. மேல்பக்கம் எனக்கு வேணாம்.

உன் பெஞ்சுக்காரி

பி.கு.: அம்மா உனக்கு நெத்திலிக் கருவாடு காயவச்சுக் கட்டி வச்சிருக்காங்க. அங்கேர்ந்து யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்கன்னு இந்தத் தடவையாவது முன்னாடியே சொல்லு.