பெரியவர் வெர்னியரை வைத்துவிட்டுப் போனார்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டிருந்தது ஆட்களுக்கு மதிப்பெண் போடும் அந்த அப்ரைசல் படிவங்களை. அந்த ஃபைலைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன் பெண் பரீட்சை எப்படி எழுதினாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவர் வேலையை விட்டுவிட்டார். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அளவு பார்க்கும் வெர்னியரைத் துடைத்து, பெட்டியில் போட்டு, என் மேஜை மேல் வைத்தார். "தம்பி, நான் கிளம்புறேன்" என்றார். வழக்கமாக வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்வதுபோலத்தான் இருந்தது. திங்கட்கிழமை அவர் வராதபோதுதான் புரிந்தது. நம் இரண்டு பேருக்கும் இரும்பு கடையும் லேத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. உன் இடது கையில் இன்னும் ஐந்து விரல் இருப்பதும் அவரால்தான்.

காரணம் நான். போன வருஷம் ஒரு பெரிய ஆர்டருக்காக ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்தேன் அல்லவா? பெரிய கம்பெனிகளின் வேலை வேண்டுமென்றால் நாமும் அவர்களைப் போலவே நடக்க வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. படிவம் வந்தது. மேலே இருக்கும் 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10 என்று ஆட்களைப் பிரிக்கச் சொன்னார். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கை நடத்திய ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறை அது. லட்சக்கணக்கானவர்கள் வேலை செய்த கம்பெனி. மெஷினில் நிற்பவன் யார் என்று தலைமைக்குத் தெரிய வழியில்லை, அதனால் தாளில் ஒரு எண் தேவைப்பட்டது. என்னிடம் இருப்பது 11 பேர். 11 பேரில் பத்து சதவீதம் என்றால் ஒரு ஆள். எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலும் வருஷத்துக்கு ஒருவர் மோசமானவர் ஆகியே தீர வேண்டும்!

வேகத்துக்கு ஒரு கட்டம், கம்ப்யூட்டர் தெரியுமா என்பதற்கு ஒரு கட்டம். டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பதற்குக் கட்டம் இல்லை. நான்கு பையன்களை லேத் ஓட்டும் டர்னர் ஆக்கியதற்கும் இல்லை. கூட்டிப் பார்த்தால் அடியில் வந்து நின்றார் பெரியவர். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தது நான்தான். இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், மைக்ரோசாஃப்ட் இப்படி வரிசைப்படுத்தும் முறையை 2013-லேயே கைவிட்டிருக்கிறது. அவர்கள் கழற்றிப் போட்டதை நான் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆலோசகர் அடுத்துச் சொன்னது சிக்ஸ் சிக்மா, வேலையில் பிழையைக் குறைக்கும் முறை. 1986-இல் மோட்டோரோலாவில் தொடங்கியது. பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழை என்பது அதன் இலக்கு. நாங்கள் மாதம் 400 பீஸ் செய்கிறோம். பத்து லட்சம் பீஸ் சேர 208 வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கு நடுவே எங்கள் ரிஜெக்ட் எதனால் வந்தது தெரியுமா? பட்டறையில் இருந்த இரண்டு மைக்ரோமீட்டரும் ஒரே பீஸுக்கு இரண்டு அளவு காட்டின. மூடி வைத்தால் பூஜ்யம் காட்டுகிறதா என்று யாரும் ஜீரோ பார்க்கவில்லை. "ஏன், ஏன்" என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனதில் அகப்பட்டது. அதுவும் ஒரு பெரிய கம்பெனியின் பழக்கம்தான், டொயோட்டாவுடையது. அதனால் பெரிய இடத்துப் பழக்கமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே.

டொயோட்டா கதை உனக்குப் பிடிக்கும். 1950-இல் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலைமைக்கு வந்து, அதைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியை விட்டு விலகினார். அப்போது மெஷின் ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர் தாயிச்சி ஓனோ. நம்மைப் போல லேத்துக்கு நடுவே நின்றவர்! சரக்கு வாங்கிக் குவிக்கப் பணம் இல்லை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியில் காலியானதை மட்டும் நிரப்புவார்கள் அல்லவா, அந்த யோசனையை எடுத்துத்தான், தீர்ந்ததை மட்டும் சீட்டு வைத்து வரவழைக்கும் கான்பான் முறையைக் கொண்டுவந்தார். கையில் காசு இல்லாததால் பிறந்த முறை, அதனால்தான் நமக்கும் பொருந்துகிறது.

நான் செய்தது இவ்வளவுதான். டூல் முனையில் மாட்டும் வெட்டுத் துண்டு, அந்த இன்சர்ட்டுக்கு இரண்டு டப்பா. ஒன்று காலியானால் அந்த டப்பாவே ஆர்டர் சீட்டு, என் மேஜைக்கு வந்துவிடும். ராத்திரி ஷிஃப்டில் இன்சர்ட் தீர்ந்துபோய் மெஷின் நிற்பது நின்றுவிட்டது. அப்புறம், அளவு நகர்ந்தால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். புதுப் பையன் முதல் வாரம் மூன்று முறை நிறுத்தினான். இரண்டு முறை ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை 60 பீஸ் லாட் பிழைத்தது. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பெரிய கம்பெனிகள் 90 நாள் கழித்துப் பணம் கொடுப்பதை நாம் எத்தனை ராத்திரி திட்டியிருக்கிறோம்? அதையே நான், நம் பீஸைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தருபவரிடம் செய்தேன். 60 நாள், இதுதான் எங்கள் பாலிசி என்று டைப் அடித்துக் கொடுத்தேன். அவரிடம் மூன்றே பேர். சம்பளம் கொடுக்க வட்டிக்கு வாங்கினார் என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே பாக்கியை எல்லாம் தீர்த்தேன். இப்போது ஏழு நாளில் கொடுக்கிறேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஆகவே படிவங்களை அனுப்பவில்லை. உன்னிடம் ஒன்பது பேர். ஒவ்வொருவன் வீட்டில் என்ன பிரச்சினை என்பதுகூட உனக்குத் தெரியும். விடுதியில் சோப்புக்குக் கணக்கு எழுதி வைத்தவன் நீ, கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கட்டம் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் மைக்ரோமீட்டர் ஜீரோ பார்த்த தேதிக்குப் போடு.

பெரியவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மழை, வெயில் என்று பேசி அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "பையன் ஜீரோ பார்க்கிறானா?" என்று மட்டும் கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். நீயும் வா. உன் பேச்சை அவர் தட்டமாட்டார். வரும்போது அந்தப் பழைய ஸ்க்ரூ கேஜைக் கொண்டுவா, நீ அதை இன்னும் திருப்பித் தரவில்லை என்று அவருக்கு நினைவிருக்கிறது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்