மாதிரிக் கோப்பை மாற்றுங்கள், ஐயா

பல்கலைக்கழக ஆய்வேட்டுப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசலுக்கு எதிரே ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுப்பவன் நான். போன வாரம் ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினீர்கள். பொருளடக்கம் மாதிரிக் கோப்பில் உள்ளபடி இல்லையாம். எப்படி இருக்கும்? மாதிரியில் வரிக்கு வரி புள்ளியைத் தட்டி, கடைசியில் பக்க எண்ணைக் கையால் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் வேர்டின் ஹெடிங் ஸ்டைலை, அதாவது இது தலைப்பு என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பைப் போட்டு, பொருளடக்கத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம்.

சரி, கலைத்துவிட்டுப் புள்ளி வைத்தோம். மறுநாளே நெறியாளர் இரண்டாம் இயலில் ஓர் அட்டவணை சேர்க்கச் சொன்னார். அங்கிருந்து பின்னிணைப்பு வரை எல்லாப் பக்கமும் நகர்ந்தது. ஒவ்வொரு உட்தலைப்பையும் தேடிப்பிடித்து எண்ணை மாற்ற வேண்டும். 99 என்பது 100 ஆனால் வரி உடையும், ஒரு புள்ளியை அழிக்க வேண்டும். சமர்ப்பிக்கும் கடைசி நாளோ நெருங்குகிறது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக்கொண்டே இருந்தார். ஸ்டைல் இருந்திருந்தால் எஃப்9 விசையோடு முடிந்திருக்கும்.

இயல் தலைப்பு 16 பாயிண்ட், போல்டு, நடுவில் என்கிறது உங்கள் விதி. கண்ணுக்குச் சரி, கணினிக்கு அது தலைப்பு என்று யார் சொல்வது? வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பின் பெயர்ப் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல், அதாவது எந்தப் பகுதி என்ன என்று குறியிட்ட எழுத்து. ஸ்டைல் போட்ட பத்தியில் 'ஹெடிங்1' என்ற பெயர் இருக்கும். கையால் பெரிதாக்கியதில் போல்டும் 32 என்ற அளவும் மட்டுமே இருக்கும் (வேர்ட் அரை பாயிண்ட்டில் எண்ணும்). இணையப் பக்கத்தின் எச்1 டேகும் (குறிச்சொல்) இதே வேலைதான் செய்கிறது: இது தலைப்பு என்று சொல்லிவிடும், தோற்றத்தை சிஎஸ்எஸ் என்ற வடிவமைப்பு மொழி பார்த்துக்கொள்ளும். டேகுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடக்க வேர்டின் பத்தி ஸ்டைலால் முடியாதுதான். ஆய்வேட்டுக்கு இந்த ஸ்டைலே தாராளம். பார்வையற்ற ஆய்வாளர் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளின் பிரவுஸ் மோடில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகலாம். உங்கள் மாதிரிக் கோப்பில் எங்கும் போக முடியாது. அதனால்தான் கேட்கிறோம், அதை மாற்றுங்கள்.

இப்படிப் பகுதிகளுக்குப் பெயரிட்டுக் குறிக்கும் எஸ்ஜிஎம்எல் முறை சர்வதேசத் தரமானது 1986இல். நம் விதிப்புத்தகமோ இன்னும் தட்டச்சுப் பொறியை விட்டு இறங்கவில்லை. அட்டையின் நிறத்தில் காட்டும் கறாரில் கால்வாசி இதில் காட்டினால் போதுமே!

வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்தருளுங்கள். ஸ்டைலோடு ஒரு மாதிரிக் கோப்பு வெளியிடுங்கள்; உங்கள் 16 பாயிண்ட்டும் போல்டும் அந்த ஸ்டைலுக்குள்ளேயே இருக்கட்டும். அதுவரை, ஸ்டைல் போட்டு வரும் ஆய்வேடுகளைத் தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
எதிர்க் கடைக்காரன்