வானிலை காட்ட வங்கிப் பக்கம் எதற்கு?

ஆசிரியருக்கு, வணக்கம்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரவுசரை நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது நல்லதுதான். ஃபயர்ஃபாக்ஸின் மேல்பட்டையில் ரைட் கிளிக் செய்து, வேண்டிய பட்டன்களை இழுத்து வைக்கலாம். மெனுவையே தமிழில் வைக்கலாம். என் மாமியார் கருப்பு தீம் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கித்தான் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்.

பிரவுசரில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் சிறு மென்பொருளான ஆட்-ஆன்தான் தலைவலி. 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவை அணுகலாம்' என்று அனுமதி கேட்கும். பலரும் படிக்காமலே சரி கொடுத்துவிடுகிறார்கள். வானிலை காட்டும் ஆட்-ஆனுக்கு நெட் பேங்கிங் பக்கத்தில் என்ன வேலை? அப்புறம், இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார்கள் வேறு. இன்ஸ்டால் ஆகும்போதே டிக் போட்டு வைத்திருப்பார்கள். தேடுபொறியும் முகப்புப் பக்கமும் சொல்லாமல் மாறிவிடும்.

வேண்டாத ஆட்-ஆனை நீக்கும் முறையைப் படங்களோடு ஒருமுறை வெளியிடுங்களேன்.

ஒரு வாசகர், காரைக்குடி