ஜனநாயகக் கட்சியின் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜூன் 2016

மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படாமல், கட்சிப் பதவி அல்லது அரசுப் பதவியின் பேரிலேயே மாநாட்டில் வாக்குரிமை பெற்ற மதிப்பிற்குரிய சூப்பர் டெலிகேட்டுகளுக்கும், ஜூலை 25ஆம் தேதி பிலடெல்பியாவில் தொடங்கவிருக்கும் தேசிய மாநாட்டின் விதிகள் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 6ஆம் தேதி திங்கட்கிழமை மாலை என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ மெக்சிகோ, மான்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா ஆகிய ஆறு மாநிலங்கள் வாக்களிக்கவிருந்தன. அதற்குள், உங்களில் சிலர் ஒரு செய்தி நிறுவனத்தின் தொலைபேசிக் கேள்விக்குச் சொன்ன பதிலைக் கொண்டு, ஹிலாரி கிளின்டன் வேட்பாளர் ஆவதற்குத் தேவையான 2,383 மாநாட்டுப் பிரதிநிதிகளின் ஆதரவை எட்டிவிட்டார் என்று நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையை நிறைவு செய்த கடைசிச் சிலரின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கழியும்வரை தங்கள் பெயர் வெளியே வரவேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்களாம். 475 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கவிருந்த, நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாநிலத்தின் வாக்குச்சாவடிகள் திறக்க ஓர் இரவு மட்டுமே மீதமிருந்த வேளையில், பெயர் சொல்ல முன்வராத சிலரைக் கொண்டு இந்தப் போட்டி முடித்துவைக்கப்பட்டது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு வாக்கு இருக்கக் கூடாது என்று பிலடெல்பியாவில் விதி செய்யுங்கள். அந்த விதி நடைமுறைக்கு வரும்வரை, கடைசி மாநிலம் வாக்களித்து முடிக்கும் நாள்வரை உங்கள் ஆதரவை அறிவிக்காமல் இருங்கள்.

நான் கட்சிக்குள் கிளின்டனை எதிர்த்துப் போட்டியிடும் பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளன். தோற்றவர்களின் புலம்பல் இது என்று இந்த மடலை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடும் என்பதால், உண்மையை நானே சொல்கிறேன். கிளின்டன் அம்மையார் எங்கள் வேட்பாளரைவிட 30 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றிருக்கிறார். மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படும் 4,051 பிரதிநிதிகளில் பெரும்பான்மைக்குத் தேவையான 2,026ஐ அவர் ஜூன் 7ஆம் தேதி இரவு தாண்டினார். இதை நான் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நீங்கள் அணி மாறிச் சாண்டர்ஸுக்கு வாக்களிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கடந்த சில வாரங்களாக எங்கள் பிரசாரக் குழுவே உங்களிடம் அப்படிக் கேட்டு வருகிறது; அது எனக்கு உடன்பாடான செயல் அன்று. மக்கள் தீர்ப்பை மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கக் கூடாது என்று சொல்பவன், அந்தத் தீர்ப்பை எனக்குச் சாதகமாக மாற்றித் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால், வாக்காளர்களின் கையாலேயே அவர் வேட்பாளராகியிருப்பார் என்பதுதான் என் ஆற்றாமையைக் கூட்டுகிறது. ஒரு பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளராகும் முதல் பெண் என்ற வரலாற்றுச் செய்தி, செவ்வாய் இரவு ஆறு மாநில மக்களின் வாக்கோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியது. திங்கள் மாலை ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பின் முடிவாக அது வந்தது. அவருக்காக உழைத்தவர்களுக்கும் நீங்கள் நன்மை செய்துவிடவில்லை.

அந்தத் திங்கள் மாலையின் இழப்பு வாக்காளர் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கலிபோர்னியாவில் எந்தக் கட்சியையும் சேராமல் பதிவு செய்துகொண்ட வாக்காளர்கள் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். நம் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் அவர்களும் வாக்களிக்கலாம். ஆனால் அதற்கான வாக்குச்சீட்டை அவர்களாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்குத் தபாலில் வந்த சீட்டில் அதிபர் வேட்பாளர் பகுதியே இருக்காது. அந்தச் சீட்டை நிரப்பாமல் எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய், அதைத் திருப்பிக் கொடுத்து, ஜனநாயகக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த நடைமுறையை ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் பொறுமையாக விளக்குவதே எங்களைப் போன்ற தொண்டர்களின் வேலையாக இருந்தது.

ஃபிரெஸ்னோ பக்கத்தில் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் நான் முன்பே பேசியிருந்தேன். அதிபர் தேர்தலுக்கு முன் நடக்கும் இந்த வாக்கெடுப்பில் அவர் இதுவரை கலந்துகொண்டதே இல்லை. சீட்டை மாற்றுவதற்காகவே, செவ்வாய்க்கிழமை காலை வேலை நேரத்தை உடன் பணிபுரியும் ஒருவரோடு மாற்றிக்கொண்டிருந்தார். சாவடியின் முகவரியைக் குறித்துக்கொண்டு, அங்கே என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை என்னிடம் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒருமுறை நினைவூட்டிவிடலாம் என்று திங்கள் இரவு அவரை அழைத்தபோது, “முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, இனி நான் போய் என்ன ஆகப்போகிறது? காலை வேலைக்கே போய்விடுகிறேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தெரியாமல் நுழையப் பார்த்தோமே என்ற கூச்சம்தான் இருந்தது. வேட்பாளர் யார் என்பது மாநாட்டில்தான் முறைப்படி முடிவாகும் என்றும், அதே சீட்டில் செனட் பதவிக்கான போட்டியும் இருக்கிறது என்றும், முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்களே நவம்பரில் மோதுவார்கள் என்றும் நான் சொல்லிப் பார்த்தேன். நன்றி சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று இரவு மாநிலமெங்கும் எத்தனை தொண்டர்கள் இதே பதிலைக் கேட்டிருப்பார்கள்! வாருங்கள் என்று அழைத்து, இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, பரிமாறுவதற்கு முன்பே பந்தி முடிந்தது என்று சொல்வது எந்த வீட்டிலும் மரியாதை ஆகாது. செய்தி நிறுவனம் தன் வேலையைச் செய்தது, அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்று நீங்கள் கேட்கலாம். அது எண்ணியது உங்கள் வாய்மொழியைத்தான். நீங்கள் சொல்லாதிருந்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

இது அந்த ஒரு மாலையோடு போகிற குறையும் அன்று. அயோவாவில் முதல் வாக்கு விழுந்தது இந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி. அதற்குப் பதினொரு வாரங்களுக்கு முன்னரே, கடந்த நவம்பரில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், உங்களில் 359 பேர் கிளின்டன் பக்கம் என்றும் 8 பேர் சாண்டர்ஸ் பக்கம் என்றும் சொல்லிவிட்டீர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60 சதவீத வாக்கு பெற்று 15க்கு 9 என்று பிரதிநிதிகளை வென்றார். உங்களில் ஆறு பேரைக் கூட்டி, தொலைக்காட்சிகள் அதை 15க்கு 15 என்று காட்டின. வயோமிங்கில் ஏறத்தாழ 56 சதவீதம் பெற்று வென்ற சாண்டர்ஸுக்கு 7 பிரதிநிதிகளும், தோற்ற கிளின்டனுக்கு உங்களையும் கூட்டி 11 பிரதிநிதிகளும் கணக்கில் வந்தார்கள். வாஷிங்டன் மாநிலக் காக்கஸில், அதாவது கட்சியினர் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில், ஏறத்தாழ 73 சதவீதம் பேர் சாண்டர்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகும், அந்த மாநிலத்தின் ஆளுநரும் இரண்டு செனட்டர்களும் கிளின்டன் பக்கமே நின்றார்கள். சூப்பர் டெலிகேட்டுகள் ஜூலையில்தான் வாக்களிப்பார்கள், ஆகவே அவர்களை இப்போதே கூட்டிக் காட்டாதீர்கள் என்று கட்சியின் தேசியக் குழுவின் செய்தித் தொடர்பாளரே ஏப்ரலில் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். அதை உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றை அறியாமல் நான் எழுதவில்லை. 1968இல் ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியைச் சிகாகோ மாநாடு வேட்பாளராக்கிய பிறகு, கட்சி அமைத்த மெக்கவர்ன்–ஃபிரேசர் ஆணையம் தேர்வு உரிமையை வாக்காளர்களிடம் கொடுத்தது. நம் வேட்பாளர்களான மெக்கவர்ன் 1972இலும் கார்ட்டர் 1980இலும் அதிபர் தேர்தலில் பெரும் தோல்வி அடைந்ததைக் கண்டு, 1982இல் ஹன்ட் ஆணையம் கட்சித் தலைவர்களுக்கு அந்த உரிமையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. வெல்லக்கூடியவரை அடையாளம் காண அனுபவசாலிகள் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த முறை நடைமுறைக்கு வந்த 1984இல், உங்களுக்கு முன்னிருந்தவர்களின் பலத்த ஆதரவோடு கேரி ஹார்ட்டை முந்தி வேட்பாளரான வால்டர் மான்டேல், குடியரசுக் கட்சியின் ரீகனிடம் 49 மாநிலங்களை இழந்தார். மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே மிஞ்சின. அனுபவசாலிகளின் கணிப்பு வாக்காளர்களின் கணிப்பைவிட மேலானது என்பதற்கு அந்த முதல் தேர்தலே சான்று தரவில்லை.

கட்சித் தலைவர்களும் பதவியில் இருப்பவர்களும் அடிமட்டத் தொண்டர்களோடு போட்டியிட்டு மாநாட்டுக்கு வரும் நிலை ஏற்படக் கூடாது என்பதற்காகவே இந்த இடங்கள் இருக்கின்றன என்று தேசியக் குழுவின் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் கடந்த பிப்ரவரியில் ஒரு நேர்காணலில் விளக்கினார். அந்த அடிமட்டத் தொண்டர்களில் ஒருவனாக இதைக் கேட்டேன். எங்களோடு போட்டியிடுவதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் அளவுக்கு நாங்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தோம்? சராசரியாக 27 டாலர் கொடுத்து ஒரு பிரசாரத்தைத் தூக்கி நிறுத்தினோம். கட்சிப் பக்கமே வராதிருந்த இளைஞர்களை அழைத்து வந்தோம். அதே மாநாட்டு அரங்கில், பெருநிறுவனங்களுக்காக அரசிடம் காரியம் பேசும் லாபியிஸ்டுகள் சிலர், தேசியக் குழு உறுப்பினர்கள் என்ற பெயரில், எந்த வாக்காளரிடமும் வாக்குக் கேட்காமல் உட்காரப்போகிறார்கள்.

இதைச் சொல்லும்போது வேறு காயங்களும் நினைவுக்கு வருகின்றன. தொடக்கத்தில் வேட்பாளர்களிடையே ஆறே விவாதங்கள் என்று வரையறுத்தீர்கள். அவற்றில் ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவில், நாடே வீட்டு விசேஷத்தில் இருக்கும் வேளையில் வைத்தீர்கள். நியூயார்க் முதனிலைத் தேர்தல் ஏப்ரல் 19ஆம் தேதி; ஏற்கெனவே பதிவு செய்திருந்தவர்கள் அதில் வாக்களிக்கக் கட்சி மாறிக்கொள்ள வேண்டிய கடைசி நாளோ முந்தைய ஆண்டு அக்டோபர் 9. அது மாநிலச் சட்டம் என்பது எனக்குத் தெரியும். கட்சி அதை எதிர்த்து உரக்கப் பேசியிருக்கலாம் என்பதும் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் தனி மடல் எழுத வேண்டும். உங்கள் கையில் இப்போது இருப்பதைக் குறித்து மட்டும் இங்கே கேட்கிறேன்.

உங்கள் கையில் இருப்பது உங்கள் சொந்த வாக்கு. மொத்தப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் நீங்கள். அதை விட்டுக்கொடுப்பது எளிதல்ல என்பதை உணர்கிறேன். ஆனால் 2008இல் ஜார்ஜியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸ் தாம் அறிவித்திருந்த ஆதரவைக் கிளின்டனிடமிருந்து ஒபாமாவுக்கு மாற்றினார். தம் தொகுதி மக்கள் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்துவிட்டதை அவர் மதித்தார். அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அடிபட்டவர் அவர். இந்த மே மாதம் மெய்ன் மாநிலக் கட்சி மாநாடு, 2020இலிருந்து தங்கள் சூப்பர் டெலிகேட்டுகளின் வாக்கு காக்கஸ் முடிவின் விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஒரு சிறிய மாநிலத்தின் தொண்டர்களால் முடிந்தது தேசிய மாநாட்டால் முடியாததா?

நவம்பரில் டொனால்ட் டிரம்ப்பை எதிர்த்து நம் கட்சி வேட்பாளருக்கு வாக்களிப்பேன். மற்றவர்களையும் வாக்களிக்கச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பேன். ஃபிரெஸ்னோ பெண்மணியையும் மீண்டும் அழைக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை உங்கள் வாக்கு எண்ணப்படும் முன் எவரும் முடிவை அறிவிக்க முடியாது, கட்சி விதியே மாறிவிட்டது என்று அவரிடம் சொல்லும் வாய்ப்பை எனக்குத் தாருங்கள்.

ஆகவே விதிகள் குழு உறுப்பினர்களை மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்: முதல் சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகளின் வாக்கை நீக்கும் தீர்மானத்தை பிலடெல்பியாவில் முன்மொழிந்து, மாநாட்டின் முன் வாக்கெடுப்புக்கு விடுங்கள். சூப்பர் டெலிகேட்டுகளே, அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக முதல் கையை நீங்கள் உயர்த்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கலிபோர்னியாவிலிருந்து ஓர் அடிமட்டத் தொண்டன்