குழு அறிவிப்பு: மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1991-ஆம் ஆண்டு நமீபியாவின் விண்ட்ஹோக் நகரில் கூடிய ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் நினைவாக, ஐ.நா. பொதுச்சபை 1993-இல் இந்நாளை அறிவித்தது. தகவல் பெறும் உரிமைக்கெனச் செப்டம்பர் 28 தனியே இருந்தாலும், இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1766-இலேயே சுவீடன் இயற்றிய சட்டம், அச்சுச் சுதந்திரத்தையும் அரசு ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையையும் ஒருங்கே வழங்கியது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆவது பிரிவும் தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் உள்ள உரிமையை, செய்தியாளருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் உரியதாகவே கூறுகிறது.

இவ்வுரிமையைப் பயன்படுத்தப் பழகுவதே இவ்வாண்டு நம் நோக்கம். தகவல் கோரி மனு எழுதும்போது, "சாலைப் பணி ஏன் முடியவில்லை?" என்று கேட்டால் மழுப்பலான பதிலே வரக்கூடும், மாறாக, பணி ஆணையின் நகல், ஒதுக்கிய தொகை, ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய நாள் எனப் பதிவேட்டில் இருப்பதைக் குறிப்பிட்டுக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். ஆண்டையும் துறையையும் எழுத மறவாதீர்கள்.

செய்திகளைப் பகிரும்முன் வெளியான நாளையும் முதலில் வெளியிட்ட ஊடகத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செய்தியாளரிடம் தகவல் சொன்னவரின் பெயர், படம், குரல்பதிவு ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் இங்கே பதிவிட வேண்டாம். அது அவருடைய வேலையையோ உயிரையோ பறித்துவிடக்கூடும்.

மே 3 அன்று குழுவில் நடைபெறும் உரையாடலுக்கு, நீங்கள் எழுத விரும்பும் மனுவின் வரைவோடு வாருங்கள். சேர்ந்து திருத்துவோம்.