எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது

கம்பை, ரங்கூன்
ஐப்பசி மாதம்

அன்பு மகன் முருகேசனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்கக் காளியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி கிடைத்தாலும் இதையெல்லாம் போனில் பேச முடியாது. உன் சின்னம்மா மகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

"இருப்பதிலேயே அழகான கள்ளியை நர்சரிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த மங்கல் பச்சையை ஏம்மா வைத்துக்கொண்டாய்?" என்று கேட்டாய். படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பாதி உடம்பு செக்கச்சிவந்து, பாதி கரும்பச்சையாக இருந்ததே, அதைப் பார்த்து நம் கீழ்வீட்டு பர்மாக்கார அக்காவும் வாயைப் பிளந்தார். அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஜிம்னோகலிசியம் (சுருக்கமாக ஜிம்னோ) என்ற கள்ளி வகையைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் நம் ஊர் மழைதான். ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள் வந்துவிடும். பகான் பக்கம் இருந்தால் கள்ளி வளர்ப்பது சுலபம், அது வறண்ட பூமி. இங்கே ஆடி, ஆவணியில் துவைத்த கைலி மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தில் பாலைவனத்துக் கள்ளி எப்படி நிற்கும்? வேரிலிருந்து அழுகல் ஏறும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், தொட்டால் உள்ளே கூழாகியிருக்கும். ஆனால் அந்த வகையில் ஒன்றான ஜிம்னோ மிஹானோவிச்சி தென்னமெரிக்காவில், பராகுவே பக்கத்து சாக்கோ சமவெளியில் புதர்களுக்கு அடியில் நிழலில் வளர்கிற செடி. சூடும் புழுக்கமும் அதற்குப் பழக்கம். சுடுவெயில் தேவையில்லை. நம் மாடியில் வலைத்துணிக்குக் கீழே வைத்தாலே போதும்.

அப்பாவுடைய பழைய ஜிம்னோ ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? ஹார்லிக்ஸ் டப்பாவில் வைத்திருந்தாரே. பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரணப் பச்சை, வெளிறிய பூ. ஆனால் எத்தனையோ மழையில் கூரை இல்லாமல் நனைந்தும் அழுகவில்லை. இரண்டு செடியைச் சேர்த்துப் புது வகை எடுக்கும் என் வேலைக்கு அதைத்தான் அப்பன் செடியாக எடுத்தேன். தாய்ச் செடி பாங்காக்கிலிருந்து எல்லை ஊரான மியாவடி வழியாக வந்த வகை. கறுத்த உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை போட்டிருக்கும். லேபிளில் எல்பி 2178 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. நெதர்லாந்துக்காரர் லுட்விக் பெர்ஹ்ட் பராகுவேயில் அகுவா துல்சே என்ற இடத்தில் சேகரித்த செடிக்குத் தம் குறிப்பேட்டில் கொடுத்த எண் அது. தாய்லாந்துக்காரர்கள் அதன் வாரிசுகளை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி, பட்டை இன்னும் அகலமாக, இன்னும் வெள்ளையாக வரும்படி செய்துவிட்டார்கள். அவர்களுடைய பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் வெயிலும் கூரையும் வேறு. நான் வாங்கிய பட்டைக்காரிகளில் நம் மாடி மழைக்காலத்தைத் தாங்கியவை குறைவு.

அதனால் எனக்கு வேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அந்தப் பட்டை வேண்டும், இந்த வேர் வேண்டும். இரண்டும் ஒரே செடியில், ஒட்டுக் கட்டாமல், தன் வேரிலேயே நிற்க வேண்டும்.

சேர்க்கை செய்வது பெரிய வித்தை இல்லை. இந்தச் செடிகள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் இரண்டு செடி ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். ஜிம்னோ பூ சில நாள் திறந்து திறந்து மூடும், அது ஒரு சௌகரியம். அஸ்ட்ரோபைட்டம் என்ற இன்னொரு கள்ளி அப்படியில்லை, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மகரந்தத்தை உலர்த்தி ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு பயன்படுத்தலாம் என்பார்கள். கரண்ட் நிற்காத வீட்டுக்கு அது சரி, இங்கே நடக்காது. மொட்டு விடும்போதே கொசுவலைத் துணியால் மூடிவிடுவேன், இல்லாவிட்டால் தேனீ எனக்கு முன்னால் வேலையை முடித்துவிடும். பத்துப் பதினொரு மணிக்கு மேல் பூ நன்றாக விரிந்ததும், மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவ வேண்டும். அன்றைக்கே லேபிள் எழுத வேண்டும். தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தகப்பன் பெயர், தேதி. லேபிள் இல்லாத காய் எனக்கு வேண்டாம். எவ்வளவு நல்ல செடி வந்தாலும் அடுத்த சேர்க்கைக்கு அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

காய் பழுத்தால் பக்கவாட்டில் வெடிக்கும். எறும்புக்கு அந்த விதை என்றால் உயிர். நீ காலையில் பார்க்கப் போவதற்குள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். தேயிலைப் பையைக் காலி செய்து காயின்மேல் உறைபோலக் கட்டிவிடுவேன். விதையைக் கழுவி உலர்த்தி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். மண் என்றால் ஆற்று மணல், உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, உமிக்கரி. நெல் விளைகிற நாட்டில் உமிக்கரிக்கா பஞ்சம்?

முதல் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. மங்கலான பட்டை, சுமாரான வேர். பார்த்தவர்கள் "இதற்காகவா இத்தனை பாடு?" என்றார்கள். ஆனால் அந்த மங்கல் பிள்ளைகளுக்குள்ளே தாய் தகப்பன் இருவர் குணமும் ஒளிந்திருக்கிறது. அண்ணன் தங்கையை ஒன்றோடொன்று சேர்த்து அடுத்த தலைமுறையை எடுத்தால்தான் குணங்கள் பிரிந்து வெளியே வரும். மெண்டல் பட்டாணியில் பார்த்ததுபோல, முதல் தலைமுறையில் மறைந்திருந்தது இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்றாகத் தலைகாட்டும். அதுவும் ஒரே ஒரு குணமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. பட்டையும் வேரும் ஒரே காரணியால் வருவதில்லை, அதனால் நான் கேட்கிற இரண்டும் சேர்ந்த செடி அபூர்வமாகத்தான் கிடைக்கும். விதைத்து பூக்க இரண்டு மூன்று வருஷம். இரண்டு தலைமுறை என்றால் நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இதில் பொறுக்குவதுதான் உண்மையான வேலை. சேர்க்கையைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யும். நாற்று கட்டைவிரல் அளவு வரும்வரை நான் எதையும் தீர்மானிப்பதில்லை. பட்டை அதற்குப் பிறகுதான் தெளிகிறது. நிறத்தை வைத்து அவசரப்படவும் கூடாது. வெயில் கூடினால் இவை கருஞ்சிவப்பாகும், நிழலில் பச்சையாகும். அது வெயில் போட்ட சாயம், பரம்பரை இல்லை. ஒரு செடியை ஓரத்தில் வைத்து இன்னொன்றை நடுவில் வைத்துவிட்டு, "இது நல்ல நிறம்" என்று சொல்வது நியாயமில்லை. அதனால் ஒரு காயின் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில், ஒரே வலைக்கு அடியில், ஒரே நாளில் தண்ணீர் குடிக்க வேண்டும். அப்படி வைத்துப் பார்த்தால்தான் செடியின் சொந்த குணம் தெரியும்.

அப்புறம் மழைக்காலம் முடிந்ததும், இப்போது செய்துகொண்டிருக்கிறேனே, ஒவ்வொன்றாகத் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பார்ப்பேன். வெள்ளை வேர், கிளைத்த வேர், மண்ணைப் பிடித்துக்கொண்டு விடாத வேர், அதுதான் எனக்கு வேண்டும். பழுப்பாகி நுனி கருகியது, வேரில் மாவுப்பூச்சி அப்பியது, இவை எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்கைக்கு இல்லை. இந்த மாவுப்பூச்சிக்கு ஒரு தூரத்து உறவுக்காரன் உண்டு, காக்கினீல். நம் பூர்வீக ஊர்ப் பக்கமெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டிக்கிடந்த காலத்தில், 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட காக்கினீல்தான் அதைத் தின்று அடக்கியது. சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம், பால் வடியும். இதை உன் மகளுக்குச் சொல்லு, அவள் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கேக்டஸ் என்கிறாள்.

இப்போது அந்தச் சிவப்புச் செடிக்கு வருகிறேன். அது இந்தப் பட்டைக்காரிகளில் ஒருத்திக்குத் தற்செயலாகப் பிறந்தது. சிவந்த பாதியில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத பாகம் தனக்கு உணவு செய்துகொள்ளாது, பச்சைப் பாதி உழைப்பதை இரண்டும் பங்கிட வேண்டும். முழுச் சிவப்பாகப் பிறந்தால் நாற்றிலேயே போய்விடும். 1941இல் ஜப்பானில் எய்ஜி வதனபே என்பவர் ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே சிவப்புச் சாயல் கொண்டவற்றைக் கண்டு, அவற்றை வேறு கள்ளியின்மேல் ஒட்டுக் கட்டிக் காப்பாற்றினார். அதிலிருந்து வந்ததுதான் ஹிபோட்டான், நீ சிங்கப்பூர்க் கடைகளில் பச்சைத் தண்டின்மேல் சிவப்பு உருண்டையாகப் பார்க்கிறாயே, அதுதான். கொரியாக்காரர்கள் அதை நிறைய ஏற்றுமதி செய்கிறார்கள். அடியில் இருப்பது டிராகன் பழச்செடியின் தண்டு. சில வருஷத்தில் அந்தத் தண்டு தளரும், மேலே இருப்பதும் போகும், மறுபடி புதுத் தண்டில் ஒட்ட வேண்டும். அதை வளர்க்கிறவர்களை நான் குறைசொல்லவில்லை. ஒரு வீட்டு ஜன்னலுக்கு அது எவ்வளவு சந்தோஷம் கொடுக்கிறது! ஆனால் நான் உருவாக்க நினைக்கிற செடி, கத்தியும் ரப்பர் பேண்டும் வைத்துக்கொண்டு யாரும் பக்கத்தில் நிற்காமல் வாழ வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த நிறக்கலப்பு பெரும்பாலும் தாய்வழியாகத்தான் இறங்கும், பச்சையத்தைச் சுமக்கிற துகள்கள் அநேகச் செடிகளில் தாயிடமிருந்து வருவதால். அவளைத் தாயாக வைத்தால் வெளிறிப்போன, சாகிற பிள்ளைகளும் நிறைய வரும். அதை நான் தெரிந்தே செய்ய மாட்டேன். நர்சரிக்காரர் நன்றாக ஒட்டுக் கட்டுவார், அவரிடம் அவள் பத்திரமாக இருப்பாள்.

மற்றபடி நான் எதையும் குப்பையில் போடுவதில்லை, பயப்படாதே. நோய் இல்லாத ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போகிறது. கோயிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் சேர்க்கையிலிருந்து அது போகிறது, அவ்வளவுதான்.

உன் அறைக்கு ஒரு செடி வேண்டும் என்றாய். கொடுக்க ஆசையில்லாமலா? ஆனால் பையில் மறைத்து எடுத்துப்போகிற வேலை வேண்டாம் ராசா. ஏறக்குறைய எல்லாக் கள்ளியும், அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. அஸ்ட்ரோபைட்டம் அஸ்டீரியாஸ் அதிலும் மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து திருடி விற்றவர்களால் வந்த நிலை அது, நாற்றில் வளர்த்த நாமும் அதை மதிக்கத்தான் வேண்டும். ஒட்டுக்கட்டிய அந்தச் சிவப்பு உருண்டைகளுக்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. ஆசைக்கு அங்கே கடையில் ஒன்று வாங்கிக்கொள். வாரம் ஒருமுறைக்கு மேல் தண்ணீர் ஊற்றாதே.

திஞ்சான் புத்தாண்டுக்கு வருவதாகச் சொன்னாய். நிலைமையைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் பேசிவிட்டு முடிவு செய். வந்தால் சித்திரை வெயிலில் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் பூத்திருக்கும். இப்போது கவிழ்த்துப் பார்த்ததில் இரண்டு மனதில் நிற்கின்றன. ஒன்றுக்கு வேர் அப்பாவுடைய டப்பாச் செடி மாதிரியே இருக்கிறது, பட்டை கொஞ்சம் மங்கல். நீ படத்தில் பார்த்து மங்கல் பச்சை என்றாயே, அதேதான். இன்னொன்றுக்குப் பட்டை பளிச்சென்று இருக்கிறது, வேர் நடுத்தரம். இரண்டையும் சேர்க்கப் போகிறேன். வேர்க்காரியைத் தாயாக வைக்கலாம் என்பது என் எண்ணம், பெரிய செடி, காயைத் தாங்குவாள். அப்பா மற்றதைச் சொல்கிறார். நீ பூவையும் செடியையும் நேரில் பார்த்துவிட்டு உன் அபிப்பிராயத்தைச் சொல்லு. வர முடியாவிட்டால் இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வரும்போது நல்ல மெல்லிய தூரிகை இரண்டும், வெள்ளை பிளாஸ்டிக் லேபிளும், பென்சிலும் வாங்கிவா. மார்க்கர் பேனா வேண்டாம், ஒரு வெயிலில் அழிந்துவிடுகிறது. பென்சில் எழுத்துதான் வருஷக்கணக்கில் நிற்கிறது.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா